பேயோட்டும் தொழிலும் பேயின் கூலியும்



அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றனர் நம் முன்னோர். அரளாத ஒருத்தியின் கண்ணுக்குப் பேய் எவ்வாறு தோன்றும்? பணமாகத் தோன்றும் என்கின்றது யப்பானியக் கதை ஒன்று. 'கோஸ்ட் ஸ்வீப்பர் மிக்காமி' என்பது அதன் பெயர். பேய்களைப் பெருக்கித் தள்ளும் மிக்காமி என நாம் அதற்குப் பொருள் கொள்ளலாம். ஷீனா தக்காஷி என்பார் வரைந்த இச்சித்திரக் கதை, 1991 முதல் 1999 வரை சிறுவர் வார இதழொன்றில் வெளிவந்து, 39 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. தொயெய் நிறுவனம் இதனை 'அனிமே' எனப்படும் அசையும் சித்திரத் தொடராக்கி, 1993 ஏப்ரல் முதல் 1994 மார்ச் வரை 45 பகுதிகளாக யப்பானியத் தொலைக்காட்சியில் அளித்தது.

கூலிக்குப் பேயோட்டுவோரைப் பற்றிய நகைச்சுவை அதற்கு முன்னரே உண்டு. 1937 இல் வோல்ட் டிஸ்னி வெளியிட்ட குறும்படமொன்றில் மிக்கி எலியும் தோழர்களும் இத்தொழிலை நடத்தித் திண்டாடினர். 1984 இல் வந்த 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் நியூயோர்க் நகரில் இதே தொழிலைக் காட்டிப் பெரும்புகழ் பெற்றது. மிக்காமியின் கதை இவற்றினின்றும் வேறுபடுவது ஒரு கேள்வியினால். பேயோட்டக் கிடைக்கும் பணம் யாருக்குப் போய்ச் சேருகின்றது என்பதே அக்கேள்வி.

இக்கதை பிறந்த காலத்தை முதலில் நோக்குவோம். 1980களின் பிற்பகுதியில் யப்பானில் நிலத்தின் விலையும் பங்குகளின் விலையும் வானளாவ உயர்ந்தன. 1989 டிசம்பரில் பங்குச் சந்தை உச்சத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டே சரியத் தொடங்கியது. கோடிக்கணக்கில் பேசுவது தோக்கியோ நகரில் அன்றாட வழக்காகிவிட்ட அக்காலத்திலேதான் மிக்காமி றெயிக்கோ தன் அலுவலகத்தைத் திறக்கின்றாள். அவள் அழகி, ஆற்றல் மிக்கவள், அஞ்சாதவள், பணத்தாசைக்கு எல்லை இல்லாதவள். விலை உயர்ந்த கட்டடத்தில் பேய் குடிகொண்டால் அக்கட்டடம் விலைபோகாது. ஆகவே அதன் உடைமையாளர் அவள் கேட்ட கோடிகளைக் கொடுத்தே ஆகவேண்டும். பேயின் விலையை நிலத்தின் விலை நிர்ணயிக்கின்றது என்பதே இங்கு நகைச்சுவை.

அவளுக்கு உதவியாளன் ஒருவன் உண்டு. யொக்கோஷிமா என்னும் பள்ளி மாணவன். மலைபோன்ற மூட்டையைச் சுமப்பவன் அவன். பேயின் முன்னே தள்ளப்படுபவனும் அவனே. அவன் பெறும் கூலி மணிக்கு 255 யென். அக்காலத்துத் தோக்கியோவில் சட்டம் விதித்த குறைந்த கூலியின் பாதியைக்கூட இது எட்டாது. எசமானியின் அழகில் மயங்கி அவன் இதற்கு உடன்படுகின்றான் என்பது சிரிப்புக்குரியதே. ஆயினும் அவளுடைய வரவையும் அவனுடைய கூலியையும் பக்கத்திற் பக்கம் வைத்துக் காட்டும் கதாசிரியர், நாம் எதற்காகச் சிரிக்கின்றோம் என்பதை மறக்க விடுவதில்லை.

இனி ஒக்கினுவிடம் வருவோம். கதையின் தொடக்கத்தில், வெந்நீரூற்று விடுதியொன்றில் தோன்றும் பேயை அகற்ற மிக்காமி செல்கின்றாள். அப்பேய், பனிமலையில் இறந்துபோன மாணவன் ஒருவனுடையது. தன் உடலைக் கண்டெடுக்கவேண்டும் என்பதே அவன் வேண்டுகோள். அதே மலையில் ஒக்கினு என்னும் பெண்ணின் ஆவியும் அலைகின்றது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன், மலையின் சீற்றம் தணியப் பலியிடப்பட்டவள் அவள். முடிவில் அந்த மாணவன் அவளுடைய இடத்தை ஏற்று மலைத் தெய்வமாகின்றான். கட்டவிழ்ந்த ஒக்கினுவுக்குப் போக்கிடமில்லை. மிக்காமி அவளையும் வேலைக்கு அமர்த்துகின்றாள். நாட்கூலி 30 யென். ஊருக்காக உயிரைக் கொடுத்த பெண், இறந்த பின்னரும் கூலிக்கு உழைக்கின்றாள். அதையும் மலர்ந்த முகத்தோடு செய்கின்றாள். தொடரிலே மிகுந்த அன்புடையவள் இந்தப் பேயே என்பதை எண்ணிப் பார்க்கும்பொழுது சிரிப்பு சற்றே அடங்கிவிடுகின்றது.

மிக்காமிக்கு நேர் எதிரானவர் அவளுடைய ஆசான், கராசு என்னும் குருவானவர். ஏழைகளிடம் அவர் பணம் வாங்குவதில்லை. அதனால் பட்டினியால் மயங்கி விழுகின்றார். ஆயிரம் ஆண்டு வாழ்ந்த ஞானி ஒருவரும் வருகின்றார்; அவரால் வீட்டு வாடகை கொடுக்க முடிவதில்லை. பேராசைக்காரி செழிக்கின்றாள்; அறவோரும் அறிஞரும் வாடுகின்றனர். இதனைக் கதை நியாயப்படுத்தவில்லை, கண்டிக்கவுமில்லை. உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டுகின்றது.

பேயை விலைபேசுவது யப்பானின் பழைய வழக்கமன்று. சுகவாரா நோ மிச்சிசானே என்னும் அறிஞர், பொய்க் குற்றச்சாட்டினால் 901 இல் தலைநகரை விட்டு அகற்றப்பட்டு, 903 இல் தொலைவிடத்தில் இறந்தார். பின்னர் நேர்ந்த மரணங்களும், 930 இல் அரண்மனையில் விழுந்த இடியும் அவருடைய ஆவியின் சினமெனக் கருதப்பட்டன. அரசு என்ன செய்தது? அவருடைய பதவியை மீட்டளித்தது. கியோத்தோ நகரில் அவருக்கு ஆலயமும் எழுந்தது. இன்று மாணவர்கள் கல்வித் தெய்வமாக அவரை வணங்குகின்றனர். பேய் என்பது தீர்க்கப்படாத வழக்கு. வழக்கைக் கேட்டால் பேய் தெய்வமாகும். இதுவே பழைய முறை. பனிமலை மாணவன் தெய்வமானதும் இந்த மரபின் எதிரொலியே.

சந்தையின் முறையோ இன்றும் தொடர்கின்றது. கொலை, தற்கொலை முதலியன நேர்ந்த வீடுகளின் விலையும் வாடகையும் யப்பானில் குறைந்துவிடுகின்றன. அத்தகைய மரணத்தை, வாடகைக்கு வருவோரிடம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குச் சொல்லவேண்டும் என 2021 இல் அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று ஆண்டுகள் சென்றால் வீட்டின் கணக்கு தீர்ந்துவிடும். அங்கே தனித்து இறந்தவருடைய துயரம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று கேட்பார் இல்லை.

மிக்காமியின் கதை வெறும் கேளிக்கை எனச் சிலர் ஒதுக்குவர். கேளிக்கையே, ஐயமில்லை. ஆனால் மூட்டை சுமப்பவனுடைய 255 யென்னையும், பலியானவளுடைய 30 யென்னையும் அது அச்சமின்றிக் கணக்கிட்டுச் சொல்கின்றது. சிரித்து முடித்த பின்பும் நினைவில் நிற்பவை அந்த இரண்டு எண்களே.