வில் தாங்கும், எண்ணெய் தணிக்கும்



கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் நம்மைப் பணித்தனர். அதனைப் பொதுப்பட விரித்துரைத்தால் பின்வரிசை மாணவர்கள் உறங்கிவிடுவர் என்பது நாம் பட்டறிந்த உண்மை. ஆதலின் ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அது நாமே பிழைபட ஆக்கிய சொல்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைச்சொற் குழுவில் ஊர்திப் பொறியியல் பகுதி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. 'ஷாக் அப்சார்பர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக 'அதிர்ச்சி உறிஞ்சி' என்று எழுதினோம். சொல்லுக்குச் சொல் பொருந்தியது. எவரும் மறுக்கவில்லை. மறுக்கத்தக்க அறிவுடையவர், அதாவது வண்டிக்கு அடியில் ஒருமுறையேனும் படுத்துப் பார்த்தவர், அக்குழுவில் ஒருவரும் இலர்.

அப்பிழையை நமக்கு உணர்த்தியது இந்த நீலாயில் உள்ள ஒரு பட்டறை. லாபு, பத்தாங் பெனார் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஊர்தித் தொழிலுக்கு வந்தனர். அண்டையிலுள்ள சிப்பாங்கில் 1999ஆம் ஆண்டு பந்தயத்தடம் திறக்கப்பட்டபின், காடியைத் தாழ்த்தி விரைவுக்கு அமைக்கும் வேட்கையும் இளைஞரிடையே வளர்ந்தது. அவர்களுக்குப் பட்டறைக்காரர் 'போமன்'. ஆங்கிலத்தில் மேற்பார்வையாளரைக் குறித்த சொல் மலாய் வாய்மொழியில் பழுதுபார்ப்பவரைக் குறிக்கலாயிற்று. சொற்பொருள் மாற்றத்திற்கு வகுப்பறையில் நாம் விரும்பிக் காட்டும் சான்றுகளுள் இஃது ஒன்று.

நமது பழைய புரோட்டோன் சாகா வண்டியின் பின்புறம் தோட்டச் சாலையில் ஊஞ்சலாடியது. போமன் அதன் பின்மூலையைக் கையால் அழுத்திவிட்டார். வண்டி எழுந்தது, தாழ்ந்தது, மீண்டும் எழுந்தது. மூன்று நான்கு முறை ஆடியபின்பே நின்றது. எண்ணெய் கசிந்திருந்த குழாயைக் கழற்றிப் புதியதை மாட்டி மறுபடி அழுத்தினார். ஒருமுறை எழுந்து அப்படியே அமைந்தது. நாம் பெருமிதத்துடன், "இதற்குத் தமிழில் அதிர்ச்சி உறிஞ்சி என்று பெயர்" என்றோம். அவர் சிரித்தார். "சார், இது எதையும் உறிஞ்சாது. குழியில விழுந்தா அடிய வாங்குறது ஸ்பிரிங்கு. வாங்கிட்டு ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்த நிறுத்துறதுதான் அப்சோபர்."

இயற்பியல் படித்த மாணவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சுருள்வில் வண்டியின் எடையைத் தாங்குகிறது. மேடுபள்ளத்தில் சக்கரம் எழும்போது அவ்வாற்றலைத் தன்னுள் சேமித்துத் திருப்பித் தருகிறது. அதனால் அலைவு எழுகிறது. குழாயினுள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்குண்டு செல்லும்போது அவ்வலைவின் ஆற்றல் வெப்பமாக மாறித் தணிகிறது. ஆக, ஆங்கிலப் பெயரே பிழையான பெயர். பிரிட்டானியப் பொறியாளர் தம் நூல்களில் அதனைத் 'டேம்பர்', அதாவது தணிப்பது, என்றே பெரிதும் வழங்குவர். நாம் அவர்களின் கடைத்தெருப் பிழையைத் தேடிப்பிடித்து அருந்தமிழில் பெயர்த்திருந்தோம்! 'அலைவுத் தணிப்பான்' என்று இப்பொழுது சொல்கிறோம், சுருக்கமாகத் 'தணிப்பான்'.

இவ்விரண்டையும் தாங்கும் முழு அமைப்பின் பெயரிலும் இத்தகைய இடறல் உண்டு. 'சஸ்பென்ஷன்' என்பதைத் 'தொங்கல்' என்று பெயர்த்தோர் உளர். ஐரோப்பாவில் குதிரை வண்டியின் கூண்டைத் தோல்வார்களில் தொங்கவிட்ட காலத்துச் சொல் அது. இன்றைய வண்டியில் உடல் விற்களின்மேல் அமர்ந்திருக்கிறது. நம் முன்னோர் பட்டை வில் பொருத்திய மாட்டுவண்டியைக் கண்டவுடன் 'வில்வண்டி' என்றனர். எது தாங்குகிறதோ அதனாற் பெயர் வைத்தனர். எந்தக் குழுவும் கூடி ஆக்காத சொல் அது. 'வில்லமைப்பு' என்று நாம் எழுதுவது அதன் வழியில்தான்.

பெயர் எதுவாயின் என்ன, வண்டி ஓடினால் போதாதா என்று சிலர் வினவுவர். நம்மிடம் பயின்று இப்பொழுது கனடாவின் தொரொந்தோ நகரில் வாழும் மாணவர் ஒருவர், தம் தமிழ் நண்பர்களுக்காகப் பந்தயவகை மகிழுந்தைப் பனிக்காலத்திற்கு அமைப்பது எப்படி என்று தமிழில் எழுத முனைந்தார். நமது பழைய சொற்பட்டியலைக் கொண்டு எழுதியதில், "அதிர்ச்சி உறிஞ்சியைத் தளர்த்துக" என்று ஒரு வரி. படித்த நண்பர் அதிர்ச்சியை வாங்குவது வில்தானே என்று எண்ணி, வில்லைத் தாங்கும் திருகு வளையத்தைத் தளர்த்திவிட்டார். வண்டி உயர்வதற்கு மாறாகத் தாழ்ந்தது. முதற் பனிப்பொழிவில் அதன் முன்னடி பனிவரப்பில் சிக்கி உடைந்தது. ஆளுக்கு ஊறில்லை. மடலைப் படித்தபோது நமக்கு உண்டான நாணம் இன்னும் நீங்கவில்லை.

இங்கு வியப்பென்னவெனில், நம் பட்டறைப் பேச்சில் இக்குழப்பம் இல்லை. உயரத்தை மாற்றுவது 'ஹை-லோ'. தணிப்பை மாற்றுவது 'சாஃப்ட்-ஹார்ட்'. வேற்றுமொழிச் சொற்களேயாயினும் இரண்டு வினைக்கு இரண்டு பெயர். நமது பட்டியலில் அப்பாகுபாடு இல்லாது போயிற்று.

ஆகவே அம்மாணவருடன் சேர்ந்து அக்குறிப்பைத் திருத்தி எழுதினோம். முதலில் டயர். குளிரில் கோடைக்கால டயரின் இரப்பர் இறுகிப் பிடிமானம் இழக்கும். அதனை மாற்றாமல் வில்லமைப்பில் கைவைப்பது வீண்வேலை. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படியே கட்டாயம். அடுத்து உயரம்: வளையத்தை ஏற்றி, அடிப்பகுதி பனிவரப்பில் உரசாதவாறு உயர்த்துக. பின்னர்த் தணிப்பு: கடுங்குளிரில் எண்ணெய் தடித்துத் தணிப்பான் தானாகவே விறைக்கும், ஆதலின் திருகைச் சில படிகள் மென்மைப் பக்கம் திருப்புக. வண்டி வளைவில் சாய்வதைத் தடுக்கும் குறுக்குத் தண்டு மாற்றத்தக்கதாயின், பின்புறத் தண்டைத் தளர்த்துவது பின்சக்கரங்கள் வழுக்கிச் சுழல்வதைக் குறைக்கும். உயரம் மாறினால் சக்கரங்களின் கோணமும் மாறும். 'அலைன்மெண்ட்' பார்க்காமல் வண்டியை எடுக்கலாகாது. சாலையில் தூவும் உப்பு திருகுமரைகளை அரித்து இறுக்கிவிடும்; துலக்கி மசகு பூசுக.

நீலாய்க்குப் பனிக்காலம் இல்லை. அக்டோபர், நவம்பர் மழைக்கும் ஏப்ரல் மழைக்கும் எண்ணெய் தடிக்கப் போவதில்லை. ஆயினும் தேங்கிய நீரில் தாழ்ந்த வண்டி இடர்ப்படும்; வழுக்கும் சாலையில் விறைத்த வில்லமைப்பு சக்கரத்தைத் தரையை விட்டுத் துள்ளவைக்கும். சற்று உயரமும் சற்று மென்மையும் இங்கும் வேண்டும். டயர் முதலில் என்பதற்குச் சான்றும் அருகிலேயே உண்டு. 2012 மார்ச்சில் சிப்பாங்கில் மழைக்கிடையே பார்முலா 1 பந்தயம் நடந்தது. தகுதிச் சுற்றுக்குப்பின் வில்லையோ தணிப்பானையோ மாற்ற விதி இடந்தராது, டயரை மாற்றலாம். கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன், களத்தில் மிக மெதுவான வண்டிகளுள் ஒன்றில், கடைசி வரிசையிலிருந்து முழுமழை டயருடன் புறப்பட்டார். மழை மிகுந்து பந்தயம் நிறுத்தப்பட்டபோது அவர் 10ஆம் இடத்தில் இருந்தார். மழை ஓய்ந்து பந்தயம் தொடர்ந்தபின் அவ்விடம் நிலைக்கவில்லை என்பது வேறு.

திருத்திய குறிப்பைத் தொரொந்தோ நண்பர்கள் ஐயமின்றிப் பின்பற்றினர் என்று மாணவர் எழுதினார். ஒரே ஒரு திருத்தம் கேட்டார். தணிப்பான் திருகு ஒவ்வொரு படிக்கும் எழுப்பும் ஒலியைச் 'சொடுக்கு' என்று நாம் எழுதியிருந்தோம். பட்டறையில் அவர்கள், "ஒரு கிளிக், ரெண்டு கிளிக்" என்றே எண்ணுகிறார்களாம். அவ்விடத்தில் 'கிளிக்' என்றே மாற்றி எழுதி அனுப்பினோம்.