ஆடும் சுக்கான்



பழைய மோட்டார் வண்டி ஒன்றின் நோயை முதன்முதலில் உணர்வன, அதனைச் செலுத்துபவரின் இரு கைகளே. கண்ணுக்கும் காதுக்கும் புலனாவதற்கு முன்பே சுக்கான் வளையம் உள்ளங்கைக்குச் செய்தி சொல்லிவிடுகின்றது. கல்லுத் தெருவில் சிறியதோர் தட்டல் ஓசை எழுகின்றது. வளையத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் நெல்லளவு ஆட்டம் தெரிகின்றது. சில மாதங்களில் அந்த நெல் புளியங்கொட்டையாகிவிடுகின்றது. வண்டிக்காரரோ அதற்குள் அவ்வாட்டத்துக்குப் பழகிவிடுகின்றார். இந்த ஆட்டம் எங்கே பிறக்கின்றது, அதனை எவ்வாறு நீக்கலாம், நீக்கிய பின்னரும் எதனை மறந்துவிடக் கூடாது என்பனவே இப்பேச்சின் பொருள்.

முதலில் இரண்டு சொற்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இலங்கைப் பாடநூல்களில் வண்டியைத் திருப்பும் உறுப்புகளுக்குச் 'சுக்கான் தொகுதி' என்று பெயர். சுக்கான் என்பது அரபு மொழியிலிருந்து கப்பலோடு கரையேறிய சொல். கடலில் மரக்கலத்தைத் திருப்பிய அச்சொல் இன்று தார்வீதியிலும் தொழில் செய்கின்றது. சுழலும் தண்டைத் தாங்கும் உறுப்புக்குப் 'போதிகை' என்பர். கோயில் மண்டபங்களில் தூணின் தலையில் அமர்ந்து உத்திரத்தைத் தாங்கும் உறுப்புக்கும் அதுவே பெயர். தாங்குவது எதுவோ அது போதிகை. அழகான தேர்வு என்பதில் ஐயமில்லை. எனினும் கராஜில் சென்று போதிகை தேய்ந்துவிட்டது என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அங்கே அது 'பெயாரிங்', சிறியதாயின் 'புஷ்'. இப்பேச்சில் போதிகை என்றே வழங்கப்படும்.

இனி வண்டிக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்கு மொறிஸ் மைனர் வண்டியைக் கொள்வது பொருத்தமாகும். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த அவ்வண்டி, 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. ஆசிரியர்களும் வைத்தியர்களும் எழுதுவினைஞர்களும் இலங்கையில் அதனை விரும்பி வாங்கினர். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 1990களில் வடபகுதியில் நிலவிய பொருளாதாரத் தடையும் புதிய வண்டிகளை எட்டாக் கனியாக்கின; ஆதலின் பழைய வண்டிகளே மீண்டும் மீண்டும் செப்பனிடப்பட்டன. யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் வண்டியையும் அக்காலத்து மக்கள் மறந்திரார். இன்றும் பல வீடுகளின் முற்றத்தில் அவை ஓடும் நிலையில் நிற்கின்றன. ஓடுகின்றன என்பதால்தான் அவற்றின் சுக்கானைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டியிருக்கின்றது.

மைனரின் சுக்கான் அமைப்பு எளிமையானது. வெளியே அசையாத ஒரு குழாய். அதனுள்ளே சுழலும் ஒரு தண்டு. தண்டின் மேல்முனையில் வளையம் பற்கள் வெட்டிய இணைப்பில் அமர்ந்து நட்டினால் இறுக்கப்பட்டிருக்கும். கீழ்முனை ஒரு சிறு பற்சில்லின் தண்டோடு பொருந்திப் பிடியாணியால் இறுக்கப்பட்டிருக்கும். அப்பற்சில்லு பல் வெட்டிய ஒரு சட்டத்தை இடமும் வலமும் நகர்த்த, சட்டத்தின் இரு முனைகளும் முன்சில்லுகளைத் திருப்புகின்றன. தண்டு குழாயின் உள்ளே தட்டுப்படாமல் நடுவிலே நிற்கவேண்டும் அல்லவா? அதற்காக வளையத்துக்குச் சற்றுக் கீழே குழாயின் வாயில் இடப்படுவதே மேற்போதிகை. அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் அது எண்ணெய் ஊட்டப்பட்ட அழுத்தக் கம்பளியாலான ஒரு பட்டை மாத்திரமே. பின்னாளில் பிளாஸ்டிக் வந்தது. ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் வண்டியில் குண்டுப் போதிகை உண்டு. பொருள் எதுவாயினும் தொழில் ஒன்றே.

கம்பளி எண்ணெயை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாகத் தண்டுக்குக் கொடுக்கும். எண்ணெய் வற்றியதும் அது காய்ந்து, கட்டியாகி, ஓரங்களில் உதிரத் தொடங்கும். எமது தெருப் புழுதி அதனோடு சேர்ந்தால், மென்மையான கம்பளி அரத்தாளாக மாறித் தண்டையே அராவுகின்றது. சில நூறு ரூபாய்ப் பொருளைக் காலத்தில் மாற்றாமையால் விலைமிக்க தண்டு கெடுவது இவ்வாறே.

ஆட்டம் கண்டவுடன் போதிகையே குற்றவாளி என்று தீர்ப்பளித்துவிடுதல் ஆகாது. சுக்கானின் ஆட்டம் பலவகைப்படும். கையிலே வந்து சேரும்போது மாத்திரம் அவை ஒன்றுபோலத் தோன்றும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, பொறுமையாகச் சோதிக்கவேண்டும். வளையத்தைத் திருப்பாமல், தண்டுக்குக் குறுக்காக மேலும் கீழும் பக்கவாட்டிலும் தள்ளிப் பார்க்குக. அங்கே ஆட்டம் இருந்தால் அது மேற்போதிகையின் தேய்வு. அல்லது குழாயைத் தாங்கும் பிடி தளர்ந்திருக்கின்றது. பிடியிலே ஒரு விரலை வைத்துக்கொண்டு மற்றக் கையால் அசைத்தால் இரண்டில் எது என்று விரலே சொல்லிவிடும். அடுத்து, வளையத்தை மார்பை நோக்கி இழுத்தும் அப்பால் தள்ளியும் பார்க்குக. தண்டு நீளவாக்கில் நகருமானால் கீழ்முனையின் பிடியாணியில் ஐயம்கொள்ள வேண்டும். அந்நிலையில் வண்டி அவ்விடத்தைவிட்டு நகரக்கூடாது.

மூன்றாவது சோதனைக்கு இருவர் வேண்டும். ஒருவர் வளையத்தை மெல்ல இடமும் வலமும் திருப்ப, மற்றவர் முன்சில்லைப் பார்த்திருக்கவேண்டும். வளையம் எவ்வளவு தூரம் திரும்பிய பின்னர் சில்லு அசைகின்றது? பிரித்தானியாவின் வருடாந்த வாகனச் சோதனை விதிகளில், பற்சட்ட வகைச் சுக்கானுக்கு 380 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள வளையத்தின் விளிம்பில் 13 மில்லிமீற்றர் வெற்றாட்டமே பொதுவான எல்லை. இடையிலே பல மூட்டுகள் உள்ள வண்டிகளுக்குச் சற்றுக் கூடுதலான இடம் கொடுக்கப்படுகின்றது. சுக்கான் பெட்டி கொண்ட வண்டிகளுக்கு 75 மில்லிமீற்றர். ஒஸ்ரின் ஏ 40 போன்றவை இப்பெட்டி வகையைச் சேர்ந்தன. அந்த அளவுக்கு மேற்பட்ட வெற்றாட்டத்துக்கும் மேற்போதிகைக்கும் தொடர்பில்லை. அது பற்சட்டத்திலோ, இணைப்புத் தண்டுகளின் குண்டு மூட்டுகளிலோ பிறப்பது.

பின்னர் முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, கடிகார முள் 12ஐயும் 6ஐயும் காட்டும் இடங்களில் சில்லைப் பிடித்து அசைக்கவேண்டும். மைனரிலே இச்சோதனை இன்றியமையாதது. அவ்வண்டியின் முன்சில்லைத் தாங்கும் திருப்புத் தண்டு, மேலும் கீழும் திருகுப்புரி வெட்டிய மூட்டுகளில் அமர்ந்திருக்கின்றது. கிறீஸ் இடாமல் விட்டால் அப்புரி தேய்ந்து, ஒருநாள் மூட்டு கழன்று, சில்லு மடிந்து வண்டி நிலத்தில் அமர்ந்துவிடும். மைனர் வைத்திருப்போர் உலகெங்கும் அறிந்த குறை இது.

இங்கேதான் விடயத்தின் உள்முடிச்சு இருக்கின்றது. மேற்போதிகை தேய்ந்ததால் மாத்திரம் மைனர் தெருவைவிட்டு விலகுவது அரிது. தண்டு தட்டும், கை கூசும், அவ்வளவே. ஆனால் அந்தத் தட்டல், கீழேயுள்ள மூட்டுகளின் ஆட்டத்தைக் கைக்குத் தெரியாமல் மூடிவிடுகின்றது. சத்தம் மேலே இருந்துதான் வருகின்றது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டு ஓட்டுபவர், திருப்புத் தண்டின் புரி தேய்வதை அறியமாட்டார். அன்றியும் போதிகையைப் புதிதாக மாற்றியவுடன் சுக்கான் இறுகிப் புதுவண்டி போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி, பிள்ளைகளையும் முதியோரையும் ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் புறப்படுதல், போதிகையை மாற்றாமலே இருப்பதிலும் கேடானது. ஆதலின் கீழுள்ள மூட்டுகளின் சோதனை முன்னே. போதிகை மாற்றம் பின்னே. பிரித்தானியாவில் 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல், பெரிதும் மாற்றியமைக்கப்படாத 40 ஆண்டு கடந்த கார்களுக்கு வருடாந்தச் சோதனை கட்டாயமில்லை. அங்கும் இப்பொறுப்பு வண்டிக்காரரின் தலையிலேயே வந்து விழுந்திருக்கின்றது.

சோதனையில் மற்றவை நலம் என்று கண்டால் வேலையைத் தொடங்கலாம். முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றவேண்டும். ஊதுகுழலின் கம்பியும் திசைகாட்டி விளக்குகளின் கம்பியும், வண்டியின் ஆண்டுக்கேற்ப, இத்தண்டின் அருகிலோ நடுவிலோ செல்கின்றன. முன்சில்லுகளை நேராக நிறுத்தி, வளையமும் தண்டும் சேருமிடத்தில் ஓர் அடையாளம் இடுக. நடுமூடியை எடுத்து நட்டைத் தளர்த்துக. ஆனால் அதனை முழுதும் கழற்றிவிடாமல் சில புரிகள் பிடித்திருக்க விட்டு, வளையத்தை இரு கைகளாலும் மாறி மாறி அசைத்து இழுக்கவேண்டும். பல்லாண்டு அசையாதிருந்த வளையம் திடீரென விடுபடும்போது, அந்த நட்டு இல்லாவிட்டால் இழுப்பவரின் முகத்துக்கு ஆபத்து. எவ்வளவு இழுத்தும் வராவிட்டால் இழுப்பான் கருவியை நாடுக. தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அந்த அடி தண்டின் புரியை நசுக்குவதோடு, கீழேயுள்ள பற்சில்லின் போதிகைகளுக்கும் போய்ச் சேர்கின்றது. ஒரு புஷ்ஷை மாற்றப்போய் மற்றொன்றைக் கெடுத்த கதை அதுவாகும்.

வளையம் வந்தபின் பழைய கம்பளியைக் கொக்கியால் வெளியே இழுத்துவிடலாம். தண்டை விளக்கொளியில் நன்றாகப் பார்க்கவேண்டும். மினுக்கம் மாத்திரம் இருந்தால் நுண்ணிய அரத்தாளால் துடைத்தால் போதும். நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுக் கம்பளி நெடுநாள் நில்லாது. தண்டை வெளியே எடுத்துச் செப்பனிடவோ மாற்றவோ வேண்டும். தண்டை எடுப்பதாயின் கீழ்முனையின் பிடியாணியைத் தளர்த்தினால் மட்டும் போதாது. இவ்வகை இணைப்புகள் பலவற்றில் அவ்வாணி தண்டின் பள்ளம் ஒன்றினூடே செல்வதால் அதனை முற்றாகக் கழற்றவேண்டும். பெட்டி வகைச் சுக்கானுள்ள அக்காலத்து வண்டிகளிலோ தண்டும் பெட்டியின் உள்ளுறுப்பும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அவற்றில் இம்முறை பொருந்தாது.

புதிய கம்பளியை இயந்திர எண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மெல்லப் பிழிந்து பயன்படுத்துவது நன்று. பட்டையின் இரு முனைகளும் ஒன்றையொன்று முட்டவேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் ஒரு பக்கம் தடித்துத் தண்டை மறுபக்கம் தள்ளும். பஞ்சக் காலங்களில் தோற்பட்டையும் சைக்கிள் ரியூப்பும் தகரத் துண்டும் இவ்விடத்தில் செருகப்பட்டன. அவற்றுள் எண்ணெயில் ஊறிய தோல் ஓரளவு நன்றாகவே உழைத்தது. இறப்பர் தண்டைப் பிடித்து, சுக்கான் தானாக நேருக்குத் திரும்புவதைத் தடுத்தது. தகரமோ தண்டை அறுத்தது. பொருள் கிடையாத காலத்தில் அக்கைவினைஞர்களின் மதிநுட்பம் போற்றத்தக்கதே. ஆனால் அன்று செருகப்பட்ட தகரம் இன்றும் உள்ளே இருக்குமானால் அதனை எடுத்துவிடும் காலம் எப்போதோ வந்துவிட்டது.

மீண்டும் பொருத்தும்போது வரிசை முக்கியம். குழாயின் பிடியை முதலில் தளர்வாகவே விட்டு, கீழ்முனையின் ஆணியை அதன் பள்ளத்தில் சரியாக அமர்த்தி இறுக்கவேண்டும். பின்னர் வளையத்தை இரு எல்லைகளுக்கும் சில முறை திருப்பிக் குழாயைத் தன் இயல்பான நிலையில் அமரச் செய்து, கடைசியாகவே பிடியை இறுக்கவேண்டும். பிடியை முந்தி இறுக்கினால் தண்டு சற்று வளைந்த நிலையில் நின்று ஒரு பக்கத்தில் கனக்கும். புதுப் போதிகையும் விரைவில் தேயும். வளையத்தை முன்னிட்ட அடையாளத்தில் அமர்த்தி, நட்டை வண்டியின் கைநூலில் குறித்த அளவுக்கு முறுக்குக.

தெருவுக்குப் போகுமுன் முற்றத்திலேயே முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டி, முழு இடமும் முழு வலமும் திருப்பிப் பார்க்கவேண்டும். வளைவு முடிந்து கையைத் தளர்த்தியதும் வளையம் தானே நேருக்கு வரவேண்டும். வராமல் நின்றால் கம்பளி தடித்திருக்கின்றது அல்லது குழாய் கோணியிருக்கின்றது. பிடியைத் தளர்த்தி மறுபடி பார்க்குக. சரியாக வந்தால் நூறு மைல் ஓடிய பின்னர் வளையத்தின் நட்டையும் கீழ்முனையின் ஆணியையும் ஸ்பானரால் ஒருமுறை தொட்டுப் பார்த்து, அன்றைக்கே முன்சில்லு மூட்டுகளுக்குக் கிறீஸும் இட்டுவிடலாம்.