மீதி எவ்வளவு?

(பாரிவாக்கம் பகுதியில் பணிபுரியும் கணித ஆசிரியை ஒருவர் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கால் மணி நேரம் பேசுங்கள், தலைப்பு உங்கள் விருப்பம் என்று சொன்னார்கள். நான் கணக்கு டீச்சர். அதனால் ஒரு கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறாம் வகுப்பில் ஒரு நாள் கரும்பலகையில் எழுதினேன்: "ஒருவர் 32 ரூபாய்க்குக் காய்கறி வாங்கி, 50 ரூபாய்த் தாளைக் கொடுக்கிறார். மீதி எவ்வளவு?" நாம் எல்லோரும் ஆண்டுதோறும் போடும் கணக்குதான். முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மிஸ், 32 ரூபாயையே ஜிபே பண்ணிட்டா மீதியே வராதே?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. சில்லறையை எண்ணி வாங்கும் வேலை அவள் கைக்கு வந்ததே இல்லை.

அன்று மாலை பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஆவடி–பூந்தமல்லி சாலையில் நம் சந்திப்பைச் சுற்றி எத்தனை வகைக் கடைகள் இருக்கின்றன! உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்காரரிடம், "பணமாக் கொடுத்தா நல்லதா, போனில் கொடுத்தா நல்லதா?" என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி வாருங்கள் என்றேன்.

வந்த பதில்கள் என் எதிர்பார்ப்பைக் கலைத்துவிட்டன. டீக்கடைக்காரர், "போன்தான் நல்லது, பத்து ரூபாய்க்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுறவங்க தொல்லை விட்டுச்சு" என்றிருக்கிறார். தள்ளுவண்டியில் பழம் விற்பவர், "ரெண்டும் வேணும்" என்றிருக்கிறார். பூ விற்கும் அம்மா சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை: "அந்த அட்டை என் பையன் பேர்ல இருக்கும்மா. விக்கிறது நான், காசு போறது அவனுக்கு. காலையில கோயம்பேட்டுல பூ எடுக்க என் கையில காசு இருக்கணும்ல?"

டிஜிட்டல் நாணயம் அன்றாட வாழ்வில் ரொக்கத்துக்குப் போட்டியாக வருமா என்று இன்று உலகம் முழுவதும் விவாதிக்கிறார்கள். அந்தக் கேள்வியின் பாதி விடை பூக்கார அம்மாவிடம் இருக்கிறது. ஆனால் முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆசிரியர் அறையில் நாமே மூன்று வெவ்வேறு பொருள்களை 'டிஜிட்டல் பணம்' என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம்.

முதலாவது யு.பி.ஐ. 2016 ஏப்ரலில் அறிமுகமானது. இது புதிய நாணயம் அல்ல. வங்கிக் கணக்கில் ஏற்கெனவே இருக்கும் பணத்தை இன்னொரு கணக்குக்குக் கொண்டுபோகும் வண்டி, அவ்வளவுதான். வண்டி ஓட வங்கியின் கணினி, கைப்பேசி, இணையம் மூன்றும் வேலை செய்ய வேண்டும். இணையம் இல்லாத சாதாரணக் கைப்பேசிக்கென 2022-இல் தனி வசதி வந்தது. நம் ஊர்க் கடைகளில் அதைப் பயன்படுத்துபவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாவது பிட்காயின் போன்ற கிரிப்டோ. இதற்குப் பின்னால் எந்த அரசும் மைய வங்கியும் இல்லை. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. எல் சால்வடார் நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படியான நாணயமாக்கியது. 2025 தொடக்கத்தில் சட்டத்தைத் திருத்தி, அதை வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை என்று பின்வாங்கியது. நம் நாட்டில் கிரிப்டோ நாணயமாக ஏற்கப்படவில்லை. அதில் கிடைக்கும் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. வாரச் சந்தையில் கத்தரிக்காய் வாங்க யாரும் இதைத் தேடப் போவதில்லை.

மூன்றாவதுதான் உண்மையான டிஜிட்டல் நாணயம். இந்திய ரிசர்வ் வங்கியே வெளியிடும் டிஜிட்டல் ரூபாய். பொதுமக்களுக்கான சோதனை 2022 டிசம்பர் 1 அன்று மும்பை, புதுதில்லி, பெங்களூரு, புவனேசுவரம் ஆகிய நான்கு நகரங்களில் தொடங்கியது. உங்கள் பையில் இருக்கும் நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் உறுதிமொழியும் கையொப்பமும் இருக்கும். அதே உறுதிமொழி காகிதத்தில் இல்லாமல் கைப்பேசியில் இருந்தால் அது டிஜிட்டல் ரூபாய். ஏ.டி.எம்.மில் பணம் எடுத்துப் பர்ஸில் வைப்பதுபோல, வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக் கைப்பேசிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம். பர்ஸில் இருக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது, இதற்கும் கிடையாது.

கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பு என்ன? 2025 மார்ச் இறுதியில் புழக்கத்தில் இருந்த டிஜிட்டல் ரூபாயின் மதிப்பு ஏறத்தாழ 1,016 கோடி. அதே நாளில் புழக்கத்தில் இருந்த ரூபாய்த் தாள்களின் மதிப்பு கிட்டத்தட்ட 37 லட்சம் கோடி. இவ்வளவு பெரிய எண்களைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? விகிதமாக்குங்கள். ஒரு லட்சம் ரூபாய்க்குத் தாள்கள் இருக்கும் இடத்தில், டிஜிட்டல் ரூபாய் 28 ரூபாய்கூட இல்லை. ஏழாம், எட்டாம் வகுப்பில் விகிதமும் சதவீதமும் நடத்தும்போது இதையே கணக்காகக் கொடுக்கலாம்.

யு.பி.ஐ.யின் கதை வேறு. 2024–25 நிதியாண்டில் நடந்த பரிவர்த்தனைகள் 18,500 கோடிக்கு மேல். நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கோடி முறை. அப்படியானால் தாள் குறைந்திருக்க வேண்டுமல்லவா? குறையவில்லை. 2016 மார்ச்சில் சுமார் 16.4 லட்சம் கோடியாக இருந்த தாள்கள்தான், பணமதிப்பிழப்பையும் யு.பி.ஐ. வளர்ச்சியையும் தாண்டி, இன்று இரு மடங்குக்கு மேல் ஆகியிருக்கின்றன. கடையில் கொடுப்பதற்குக் கைப்பேசி, வீட்டில் வைத்திருப்பதற்குத் தாள். மக்கள் இரண்டையும் வெவ்வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

டிஜிட்டல் ரூபாய் பரவாததற்கும் காரணம் எளிதுதான். கடையில் ஒட்டியிருக்கும் அதே கியூஆர் அட்டையில் அதையும் செலுத்தலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். நல்ல வசதி. ஆனால் வாடிக்கையாளர் பார்வையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்போது, பழகியதை விட்டுப் புதியதற்கு அவர் ஏன் மாற வேண்டும்? ஆக, அதன் முதல் போட்டி ரொக்கத்தோடு அல்ல, யு.பி.ஐ.யோடுதான். யு.பி.ஐ.யால் முடியாததும் ரொக்கத்தால் முடிவதுமான ஒன்றைச் செய்துகாட்டினால்தான் அதற்கு இடம் கிடைக்கும்.

அது என்ன என்பதை 2023 டிசம்பர் நமக்குக் காட்டியது. மிக்ஜாம் புயல். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று நம் பக்கம் முழுவதும் தண்ணீர். மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரங்கள் வேலை செய்யவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து பால் வாங்கப் போனேன். கடையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. கியூஆர் அட்டை கண்ணெதிரே தொங்குகிறது, என் கணக்கில் சம்பளப் பணம் இருக்கிறது, கையிலோ பத்து ரூபாய்கூட இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த தாள்களில் எனக்கும் சேர்த்துப் பால் வாங்கினார். "டீச்சருக்கே காசு இல்லையா?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்த மாதம் தமிழ்நாடு அரசு வெள்ள நிவாரணமாக வழங்கிய 6,000 ரூபாயும் நியாயவிலைக் கடைகள் வழியாக ரொக்கமாகவே மக்கள் கைக்கு வந்தது.

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. ரொக்கத்தை ஏறக்குறைய மறந்தே போன நாடு ஸ்வீடன். அங்கே 2024 நவம்பரில் அரசு வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிகாலக் கையேட்டில், ஒரு வாரத்துக்காவது தேவையான ரொக்கத்தை வீட்டில் வைத்திருங்கள் என்று அறிவுறுத்தியது. நம் பாட்டியின் அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொண்டேன்.

ரொக்கத்துக்கு மூன்று குணங்கள் உண்டு. மின்சாரம் வேண்டாம். பெயர் வேண்டாம்: பூக்கார அம்மா கையில் வாங்கினால் அது அவருடையதுதான், மகனுடையது அல்ல. மூன்றாவது, ஒரு குழந்தை அதைத் தொட்டு எண்ணலாம். இணையம் இல்லாமலும் டிஜிட்டல் ரூபாயைக் கைமாற்றும் வசதியைக் கொண்டுவரப்போவதாக 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. முதல் குணத்தின் பெரும்பகுதியை அது ஈடு செய்யலாம். வங்கி அலைச்சல் இல்லாமல், விலை குறைந்த கருவி ஒன்றில் பூக்கார அம்மாவின் பெயரிலேயே பணம் விழுமானால் இரண்டாவதும் ஓரளவு கிடைக்கும். அந்த நாளில் நானே அதற்கு மாறிவிடுவேன். அதுவரை அது ரொக்கத்துக்குப் போட்டி இல்லை என்பது என் கருத்து. மூன்றாவது குணத்தை எந்தச் செயலியாலும் தர முடியாது. அந்த இடத்தில்தான் நம் வேலை இருக்கிறது.

பிள்ளைகள் எழுதி வந்த குறிப்புகளில் மளிகைக் கடைக்காரர் சொன்ன ஒரு வரி என்னைக் கலங்க வைத்தது: "அம்மா போனை எடுத்துக்கிட்டுப் புள்ளைங்க வருது. பின் நம்பர் அதுங்களுக்கே தெரியுது." ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் வீட்டின் மொத்தச் சேமிப்புக்கான சாவி. முன்பெல்லாம் கடைக்குப் போகும் குழந்தை தொலைத்தால் இருபது ரூபாய் தொலையும்.

நம் பள்ளி மாணவன் ஒருவனின் தாய்க்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். "உங்கள் பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது, அனுப்பும் படத்தை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்று அழைப்பு. பள்ளி பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொன்னதால் நம்பிவிட்டார். மூன்று மாதமாக எடுக்காமல் வைத்திருந்த மகளிர் உரிமைத்தொகை போய்விட்டது. மறுநாள் என்னிடம் வந்து, "நீங்க அனுப்புனதா நெனச்சேன் டீச்சர்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. நம் பெயரைச் சொல்லித்தான் ஏமாற்றுகிறார்கள். அப்படியிருக்க, எச்சரிக்கும் பொறுப்பும் நமக்குத்தானே?

அதனால் என் வகுப்பில் சிலவற்றைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். வாரம் ஒரு நாள் வகுப்பறையில் கடை. அட்டையில் செய்த பணம் வேண்டாம், உண்மையான நாணயங்கள். நானே சில்லறை மாற்றி எடுத்துப் போகிறேன். வாங்குபவர், விற்பவர், எண்ணிச் சரிபார்ப்பவர் என்று மூன்று பேர். மீதியைக் கழித்துப் பார்க்காமல் 32-லிருந்து 50 வரை ஏறி எண்ணச் சொல்கிறேன். 33, 34, 35 வரை ஒரு ரூபாய் நாணயங்கள், 40-க்கு ஐந்து, 50-க்குப் பத்து. நம் அண்ணாச்சிக் கடைகளில் காலங்காலமாக இப்படித்தான் எண்ணித் தருவார்கள். தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு இது இன்னும் பயன்படும்.

பெரிய வகுப்புகளில் கைப்பேசிப் பணத்தையும் நடத்துகிறேன். இரண்டு விதிகளைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இந்த இரண்டையும் வீட்டில் அம்மாவிடமும் பாட்டியிடமும் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்லவைப்பதுதான் வீட்டுப்பாடம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பேசினோம். உதவித்தொகை பற்றிப் பள்ளி எப்போதும் தொலைபேசியில் பின் நம்பர் கேட்காது என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் பள்ளிகளிலும் எழுதலாம், செலவு ஒரு சுண்ணக்கட்டி.

முதலில் எழுந்து கேட்ட அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த வாரம் சொன்னேன்: "நீ சொன்னது சரிதான்மா, போனில் கொடுத்தால் மீதி வராது. ஆனால் அம்மா கணக்கில் மீதி எவ்வளவு இருக்கும்? அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறதே." அவள் யோசித்துவிட்டு, "அது எவ்வளவு இருந்துச்சுன்னு அம்மாவுக்கே தெரியாது மிஸ்" என்றாள். இப்போது அவள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தினமும் போன செலவை அவள்தான் எழுதுகிறாள். மாதக் கடைசியில் அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து கூட்டிக் கழிக்கிறார்களாம்.