பொம்மைப் போரும் செம்புத் தகடும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பிடித்த புத்தகம் பற்றிப் பேசு" என்றார்கள். நம்ம பக்கத்துப் பையனுக்கு முதல் புத்தகம் சிவகாசி முத்து காமிக்ஸ்தானே! 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய அந்த இதழ்களை அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தேன். மாயாவி ஓர் ஆங்கில வார இதழுக்காகக் கூலிக்கு எழுதப்பட்டவர். கூலிக்கு எழுதிய கதை மட்டம் என்று எனக்கு அன்றும் தோன்றியதில்லை.

அதனால்தான் 'வார்ஹாமர் 40,000' நாவல்களை நண்பர்கள் கேலி செய்தபோது நான் சேர்ந்து சிரிக்கவில்லை. இது 1987-ல் இங்கிலாந்தில் வந்த, மேஜைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் விளையாட்டு. அதன் உலகத்தை வைத்து நாவல்கள் போட 1997-ல் பிளாக் லைப்ரரி என்ற பதிப்பகமே தொடங்கினார்கள். காலம், ஏறத்தாழ நாற்பதாயிரம் ஆண்டுக்கு அப்பால். எங்கும் போர், பசி, கொடுங்கோல்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்தால் பொம்மை விற்காது. ஆகவே அங்கே எதுவும் முடிவதில்லை. நம் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் தானே ஓர் இருண்ட உலகத்தைப் படைத்தார். தன் விருப்பப்படி முடிக்கவும் அவரால் முடிந்தது. இவர்களுக்கு அந்த உரிமை இல்லை. ஆனாலும் டான் ஆப்னெட் எழுதிய 'கான்ட்ஸ் கோஸ்ட்ஸ்' வரிசையைப் படியுங்கள். சொந்தக் கிரகமே அழிந்துபோன சாதாரணச் சிப்பாய்களின் கதை. திரும்பிப் போக ஊர் இல்லாதவன் எதற்காகச் சண்டை போடுவான்? அங்கே பொம்மை மறந்துபோகிறது, மனுஷன்தான் தெரிகிறான்.

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. அந்த உலகத்தில் இயந்திரம் பழுதானால் பூசாரி வருவார். சாம்பிராணி போட்டு, மந்திரம் சொல்லி, எண்ணெய் தடவுவார். சில சமயம் ஓடும். ஏன் ஓடுகிறது என்று பெரும்பாலோருக்குத் தெரியாது.

படித்ததும் அப்பா நினைவு வந்தது. அவர் பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். ஒரு ஆயுத பூஜையன்று என்னைக் கூட்டிப்போனார். ஷெட் வாசலில் இருந்த செம்புத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எதுக்குப்பா?" என்றேன். "பெரியாளுக செஞ்சாக, நாமளும் செய்றோம்" என்றார்.

இந்தக் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில்தான் விடை கிடைத்தது. உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்குகிற தகடு அது. ஒரு சிறு பொறி போதும், மருந்து பிடித்துக்கொள்ளும். இரும்புக் கருவி கூடாது என்பதும், 1992-ல் குளோரேட்-கந்தகக் கலவையைத் தடை செய்ததும் இதே கதைதான்: உராய்வு, பொறி, தீ.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் காரணத்தைச் சொல்லித்தான் உள்ளே விட்டார்.

பூஜை என்று நினைப்பவன் அவசரத்தில் அதை விட்டுவிடுவான். காரணம் தெரிந்தவன் விடமாட்டான். 2012-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரை ஒரே நாளில் இழந்த மாவட்டம் நம்முடையது. நமக்கு இது கதையில்லை.

தம்பிகளே, தங்கைகளே, பொம்மை விற்க எழுதிய புத்தகமானாலும் கூச்சப்படாமல் படியுங்கள். வேலைக்குப் போனபின் "வழக்கம்" என்று யார் சொன்னாலும், மரியாதையோடு "ஏன்?" என்று கேளுங்கள்.