வயதுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாதவை

கேட்கும் குரலும் காணும் காட்சியும் உண்மையானவைதாமா என்று பிரித்தறியும் திறன் தளர்ந்துபோகும் நிலையை மனநல மருத்துவம் சைக்கோசிஸ் என்கிறது. யாரும் பேசாதபோதும் காதில் விழும் பேச்சு மாயக்குரல் எனவும், ஊரே தன்னை வேவு பார்க்கிறது என்பதுபோல் எந்த ஆதாரம் காட்டினாலும் அசையாத எண்ணம் பிறழ்நம்பிக்கை எனவும் வழங்கும். பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டும் இந்நிலைக்குமுன், மாதக்கணக்கில் நீளும் முன்னறிகுறிக் கட்டம் ஒன்று பலரிடம் உண்டு.

இரவெல்லாம் விழித்திருப்பது, நன்றாகப் படித்த பிள்ளையின் மதிப்பெண் சரிவது, குளிப்பதில்கூட அக்கறை குறைவது ஆகியவற்றைத் தனித்தனியே காணும் வீட்டார் வயதுக் கோளாறு என்று கூறுவதில் வியப்பில்லை. பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அவற்றோடு, கைப்பேசியின் கேமராமேல் பிளாஸ்திரி ஒட்டுவது, சாப்பாட்டில் ஏதோ கலந்திருப்பதாகச் சொல்லித் தட்டை ஒதுக்குவது, செய்தி வாசிப்பவர் தன்னையே குறிப்பிடுவதாகச் சந்தேகிப்பது போன்றவை சேர்ந்து, பிள்ளையின் சுபாவமே மாறிவிட்டால் மனநல மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. மந்திரித்துக் கயிறு கட்டுவதை விரும்பும் வீட்டார் அதைச் செய்துகொள்ளலாம், மருத்துவரைப் பார்ப்பது அதற்காகக் காத்திருக்கக் கூடாது என்பதே முக்கியம்.

மருத்துவர் முதலில் கஞ்சா போன்ற போதைப்பொருள், வலிப்பு, மூளை அழற்சி முதலிய காரணங்கள் உண்டா என்று ஆராய்வார். முன்னறிகுறி உள்ளவர்களுள் பலருக்குச் சைக்கோசிஸ் வருவதே இல்லையாதலால், அக்கட்டத்தில் உளவியல் சிகிச்சையும் குடும்ப ஆலோசனையுமே முதலிடம் பெறுகின்றன. நோய் உறுதியானால் மாத்திரைகள் குறைந்த அளவில் தொடங்கப்பட்டு, பள்ளிப் படிப்பு அறுந்துபோகாதவாறு கவனிப்பு தொடரும். குணம் தெரிந்ததும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவதே நோய் திரும்புவதற்குப் பெருங்காரணம்.

நார்வேயின் ரோகாலாந்து மாவட்டத்தில் 1997இல் தொடங்கிய திட்டமொன்று, செய்தித்தாள், வானொலி, பள்ளிகள் வழியாக இவ்வறிகுறிகளை மக்களிடம் கொண்டுசென்றதோடு, யாரும் நேரடியாக அழைக்கக்கூடிய மருத்துவக் குழுவையும் அமைத்தது. நோய் தொடங்கியதிலிருந்து சிகிச்சை கிடைக்கும்வரையிலான இடைவெளி, ஒப்பிடப்பட்ட பிற பகுதிகளில் நடுமதிப்பாக 16 வாரமாக இருக்க, அங்கு 5 வாரமாகக் குறைந்தது. குழு நீடித்தும், பிரசாரம் நின்றதும் அது மீண்டும் 15 வாரத்துக்கு ஏறியது. இவ்வறிகுறிகளைத் தம் வீட்டில் காண்போர், இந்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.