தண்டவாளத்தினுள் ஒரு கயிறிழுப்பு



செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகே நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளியில் மணியாகத் தொங்கியது ஒரு பழைய தண்டவாளத் துண்டு. அதைக் காட்டித்தான், “பாரத்தை எடுத்துவிட்டால் இரும்புக்குள் தகைவு ஏதும் தங்காது” என்று பல்லாண்டுகள் கற்பித்து வந்தேன். அது தவறு என்று எனக்கு உணர்த்தியவர் என் பழைய மாணவர் ஒருவர்.

ஒரகடத்துப் பக்கம் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் அவர் ஒருநாள் வந்து, “ஐயா, தண்டவாளத் துண்டு ஒன்றை இடைத்தகட்டின் வழியே நீளவாக்கில் அறுத்தோம். அறுக்க அறுக்கத் தலை மேலேயும் அடி கீழேயுமாக வாய் பிளந்துகொண்டது. அதன்மேல் பாரமே இல்லையே?” என்று கேட்டார். நான் விடையின்றி நின்றேன்.

விடை தண்டவாளத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. செந்தழலாக உருட்டப்பட்ட எஃகு ஆறும்போது வளைந்துவிடும். அதை உருளைகளுக்கிடையே செலுத்தி நிமிர்த்துவார்கள். நிமிர்ந்த பின் தலையும் அடியும் இழுவிசையிலும், இடைத்தகடு அமுக்கத்திலும் நின்றுவிடுகின்றன. சமபலம் கொண்ட இரு கட்சியார் கயிறிழுக்கும்போது கயிறு அசையாதிருப்பது போல, வெளியே ஒன்றும் தெரியாது. வாள் ஒரு கட்சியைப் பிரித்ததும் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது!

இதனை அளக்கும் முறையும் அதுவே. அடிப்புறத்தில் திரிபுமானி என்னும் மெல்லிய மின்கம்பிப் பட்டையை ஒட்டி, அதன் இருபுறமும் அறுத்துச் சிறு வில்லையாக எடுப்பார்கள். விடுபட்ட எஃகு சுருங்கும். மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் சுருங்கினால், உள்ளே இருந்த தகைவு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 200 நியூட்டன். புதிய தண்டவாளத்தின் அடியில் இது 250-ஐத் தாண்டலாகாது என்பது விதி.

ஓடித் தேய்ந்த தண்டவாளத்தின் கதை வேறு. ஒரு காசளவு இடத்தில் பல டன் பாரத்தைத் தாங்கும் சக்கரங்கள், தலையின் மேற்பரப்பை நசுக்கி அங்கே அமுக்கத்தை உண்டாக்குகின்றன. அதை ஈடுசெய்யச் சில மில்லிமீட்டர் கீழே இழுவிசை தோன்றுகிறது. உள்ளே இறங்கும் வெடிப்புக்கு அந்த இழுவிசை துணைபோகும். 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்டு அருகே, சக்கரங்கள் உருண்டு உருண்டு களைத்து வெடிப்புற்ற தண்டவாளம் ஒன்று விரைவு வண்டியின் கீழ் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறியது. நால்வர் மாண்டனர்.

அறுத்துப் பார்த்த தண்டவாளத்தில் வண்டி ஓடாது அல்லவா? அறுக்காமல் அளக்க எக்ஸ் கதிரை நாடினால், அது எஃகின் மேற்பரப்பைத் தாண்டி அதிகம் புகாது. நியூட்ரான்களோ சில சென்டிமீட்டர் ஆழம் சென்று அணு அடுக்குகளின் இடைவெளியை அளந்து தரும். ஆயினும் அதற்குத் துண்டை அணு உலை போன்ற பெருநிலையத்திற்குத்தான் கொண்டுசெல்ல வேண்டும்.

இவ்வளவையும் படித்தறிந்து அந்த மாணவருக்குக் கடிதம் எழுத எனக்கு மூன்று வாரங்கள் ஆயின.