ஹாட்டெல் எதிரியா? – மாநாட்டுத் தலைமை உரை

இந்த நாற்காலியில் எனக்கு முன் அமர்ந்தவர்களை நினைத்தால் நா கொஞ்சம் உலரத்தான் செய்கிறது. ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் வேதிப்பொறியாளர்’ என்பது மாநாட்டுப் பொருள். உயிரி எரிபொருள், பசுமை ஹைட்ரஜன், மின்கலம் பற்றியெல்லாம் அமர்வுகளில் நீங்களே விரிவாகப் பேசவிருக்கிறீர்கள். நான் குறுக்கே நிற்கவில்லை.

என் வழக்கு ஒரே ஒருவரைப் பற்றியது: எம்.ஐ.டி.யின் வேதிப்பொறியியல் பேராசிரியர் ஹோய்ட் ஹாட்டெல். தட்டைத் தகட்டுச் சூரிய வெப்பமேற்பியின் சமன்பாட்டை அவர் பெயரால்தான் கற்பிக்கிறோம். ஆனால் 1942இல் அவரும் வோர்ட்ஸும் எழுதிய மூலக் கட்டுரையைப் படித்தவர்கள் இங்கே எத்தனை பேர்? டஃபி–பெக்மன் பாடநூலோடு நின்றுவிடுகிறோம். பின்னால் வந்த விலியர், பிளிஸ் பெயர்கள் சமன்பாட்டில் ஒட்டிக்கொண்டன, வோர்ட்ஸ் உதிர்ந்துபோனார்.

ஹாட்டெல் அடிப்படையில் உலைக்காரர். சுடரும் கதிர்வீச்சும்தான் அவர் துறை. 1938இல் தொழிலதிபர் காட்ஃப்ரி காபட் சூரிய ஆற்றல் ஆய்வுக்காக எம்.ஐ.டி.க்குத் தந்த பெரும் நன்கொடையே அவரைச் சூரியன் பக்கம் திருப்பியது. உலைச் சுவர்களுக்கிடையே வெப்பக் கணக்குப் போட்டவருக்குக் கண்ணாடிக்கும் கறுப்புத் தகட்டுக்கும் இடையே நடப்பது புதிதல்ல. 1939இல் எழுந்த முதல் சூரிய வீட்டின் அடியில் பெரிய நீர்த்தொட்டி. கோடை வெப்பத்தைக் குளிர்காலத்துக்குச் சேமிக்க. வீடு சூடாகவே இருந்தது. ஆனால் செலவு கட்டுப்படியாகாது என்று அவரே சொல்லிவிட்டார்.

அதனால்தான் சென்ற கூட்டத்தில் என் மதிப்புக்குரிய நண்பர் – முன்வரிசையில் புன்னகைக்கிறார் – ஹாட்டெலைச் சூரிய ஆற்றலின் எதிரி என்றார். எம்.ஐ.டி.யின் சூரிய ஆய்வில் உடனிருந்த மரியா டெல்கெஷை ஹாட்டெல் ஒதுக்கியதைச் சான்றாகக் காட்டினார். டெல்கெஷ் மீது எனக்கும் மதிப்புண்டு. 1948இல் டோவர் சூரிய வீட்டில் கிளாபர் உப்பை (நீரேறிய சோடியம் சல்ஃபேட்) கொண்டு வெப்பம் சேமித்தது துணிச்சலான காரியம். அது சுமார் 32 டிகிரி செல்சியஸில் உருகும்; அதே வெப்பத்துக்குத் தண்ணீரைவிடக் குறைந்த இடம் போதும். ஆனால் உருகும்போது நீரற்ற உப்பு பிரிந்து அடியில் படிந்துவிடும். மறுபடி உறைகையில் அத்தனையும் நீரோடு சேராது. சுற்றுக்குச் சுற்று கொள்ளளவு குறையும். இது பகையல்ல, பருப்பொருளின் குணம். சில குளிர்காலங்களுக்குள் டோவர் வீடு அதைக் காட்டிவிட்டது.

நண்பர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதை அவர் சொல்லவில்லை என்பதால் நானே சொல்கிறேன். ஹாட்டெலின் தொட்டி செலவில் தோற்றது. அவர் பேராசிரியராக நீடித்தார். டெல்கெஷின் உப்பு வேதியியலில் தோற்றது; அவர் 1953இல் எம்.ஐ.டி.யை விட்டுப் போனார். இரண்டு தோல்விகளுக்கும் ஒரே தராசு பிடிக்கப்படவில்லை. அன்றைய கல்வித்துறையில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்தது அது. அதை மழுப்ப நான் வரவில்லை.

ஆனாலும் ‘எதிரி’ என்ற சொல்லை ஏற்கமாட்டேன். ஹாட்டெலிடம் படித்த வேதிப்பொறியாளர் ஜார்ஜ் லோஃப், டென்வரில் 1957இல் கட்டிய சூரிய வீட்டில் பல பத்தாண்டுகள் குடியிருந்தார். அங்கே சேமிப்புக்குத் தண்ணீரும் இல்லை, உப்பும் இல்லை, காற்று சூடாக்கிய சரளைக்கல்தான். ஆசிரியரின் அவநம்பிக்கை மாணவரின் கையைக் கட்டவில்லை. அவர் கற்றுத்தந்த கணக்கு உதவியது. 1971இல் சக ஆய்வாளர் ஹாவர்டுடன் எழுதிய ஆற்றல் நூலிலும் ஹாட்டெல் சூரியனுக்குச் சலுகை காட்டவில்லை. வேறு தொழில்நுட்பங்களிடம் கேட்ட விலைக் கணக்கையே இதனிடமும் கேட்டார். இன்று நம் ஆய்வுத் திட்டங்களில் அந்தக் கேள்வியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, அதைக் கேட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம்.

நண்பர் முதல் அமர்விலேயே என்னை மறுக்கலாம். 1942 கட்டுரையைப் படித்துவிட்டு மறுத்தால், அவருக்குக் கூடுதல் நேரம் தரும்படி அமர்வுத் தலைவரிடம் நானே கேட்டுக்கொள்கிறேன்.